ஒவ்வொன்றாக

எண்ணுப்பெயரை இரட்டித்தால் தமிழில் எண்ணிக்கை கூடுவதில்லை. மூன்றும் மூன்றும் சேர்ந்து 'மும்மூன்று' ஆகும்போது ஆறு என்ற பொருள் வருவதில்லை. மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு போவது என்ற பொருளே வருகிறது. நந்நான்கு, பப்பத்து என்பனவும் அப்படியே. இந்த வரிசையின் முதற்சொல் 'ஒவ்வொன்று'. ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று, அதிலுள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சந்திக்கிற செயலை இந்த ஒரு சொல் சுமந்துகொண்டிருக்கிறது. பகலில் கணினி நிரல் எழுதிப் பிழைத்து, இரவில் கதையும் கவிதையும் படிக்கும் எங்கள் சிறு குழுவுக்கு இச்சொல்லின்மீது தனியான பற்று உண்டு. எங்கள் பகல்வேலையில் பெரும்பகுதி இச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதுதான்.

இலக்கியம் படிப்பவர்களிடம் நிரலைப் பற்றிப் பேச எங்களுக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் நிரலில் 'ஒவ்வொன்றாக' என்று எழுதும்போது எழுகிற கேள்விகள் மொழியைப் பற்றியவையாகவும், சில வேளைகளில் மனிதர்களைப் பற்றியவையாகவும் இருப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். அவற்றுள் சிலவற்றை இங்கே எழுதிவைக்கத் தோன்றியது. நிரல் அறியாதவர்களும் தொடர்ந்து வரலாம். நாங்கள் மெதுவாகவே நடப்போம்.

*

முதலில் சில அடிப்படைகள். பொருள்நோக்கு நிரல்மொழிகள் எனப்படுபவை 1960களில் நார்வேயில் தொடங்கின. ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்டு என்ற இருவரும் ஆஸ்லோவில் உருவாக்கிய சிமுலா என்ற மொழியே அவற்றின் மூதாதை. அதற்கு முன்பெல்லாம் தரவு ஓரிடத்திலும் அதன்மீது செய்யப்படும் செயல்கள் வேறோரிடத்திலும் கிடந்தன. சிமுலா இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்தது. அந்தக் கூட்டுக்குப் பெயர் பொருள். ஒரு பொருளிடம் 'உன் பெயர் என்ன' என்று கேட்கலாம். அது பெயரைத் தன்னுள் எங்கே, எப்படி வைத்திருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பொருள்கள் பலவற்றைத் தன்னுள் வைத்திருக்கும் இன்னொரு பொருளே தொகுப்பு. வரிசையாக வைத்திருந்தால் அது பட்டியல். ஒரே பொருள் இருமுறை வராமல் பார்த்துக்கொண்டால் அது கணம். ஒரு சொல்லைக் கொடுத்து அதற்குரிய பொருளைப் பெற முடிந்தால், நம் அகராதியைப் போன்ற ஒன்று. தொகுப்பில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஏதாவது செய்வதற்கு எழுதப்படும் பகுதியைத் தமிழில் சுழல் என்கிறார்கள். அலுவலகத்தில் நாங்கள் லூப் என்றே சொல்வோம்.

பழைய சுழல் எண்களால் ஆனது. பூச்சியத்திலிருந்து தொடங்கு, பட்டியலின் நீளத்தை எட்டும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போ, அந்தந்த எண்ணில் உள்ளதை எடு. எளிமையாகத் தோன்றும் இந்த மூன்று வரிகளில் எத்தனை பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. நூறு அடி நீள வேலிக்குப் பத்தடிக்கு ஒரு கம்பம் நட வேண்டுமானால் எத்தனை கம்பங்கள் வேண்டும் என்று கேட்டால் பத்து என்று வாய் முந்திக்கொண்டு சொல்லும். விடை பதினொன்று. இந்த ஒன்று கூடுதலோ குறைவோ ஆகிற பிழை நிரலாளர்களின் கூடப்பிறந்த நோய். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் எண்ணுவதை ஏன் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகவே 1982இல் ஒரு சிறு குறிப்பைத் தம் கைப்பட எழுதினார். தொடக்கத்தைச் சேர்த்துக்கொள், முடிவை விட்டுவிடு என்ற வழக்கமே குழப்பம் குறைந்தது என்பது அவர் வாதம். இன்று பெரும்பாலான நிரல்மொழிகள் அவ்வழியே நடக்கின்றன.

எண்வழிச் சுழலில் இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லாத் தொகுப்புகளுக்கும் எண் பொருந்துவதில்லை. தொடர்பட்டியல் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அறியும். நம் வாசகர்களுக்கு இதை விளக்க அந்தாதியைவிட நல்ல உவமை எங்களுக்குக் கிட்டவில்லை. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கத்தைக் கையில் கொடுக்கிறது. அபிராமி அந்தாதியை மனப்பாடமாக அறிந்த ஒருவரிடம் ஐம்பத்தேழாம் பாட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அவர் தமக்கு எளிதாக எட்டும் ஏதோ ஒரு பாட்டிலிருந்து தொடங்கி உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிற்பார். அதற்கடுத்த பாட்டைக் கேட்டாலோ உடனே சொல்லிவிடுவார். ஜாவா மொழியின் தொடர்பட்டியலும் இதைத்தான் செய்கிறது. எண்ணைக் கொடுத்துக் கேட்டால் தலையிலிருந்தோ வாலிலிருந்தோ, எது அருகிலோ அங்கிருந்து, ஒவ்வொன்றாகத் தாண்டி வரும். பத்தாயிரம் உறுப்புகள் கொண்ட தொடர்பட்டியலை எண்வழிச் சுழலால் சுற்றிவந்தால் ஏறத்தாழ இரண்டரைக் கோடித் தாண்டல்கள் ஆகும். அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனால் பத்தாயிரம் போதும்.

அந்தாதியின் கடைசிப் பாட்டு முதற்பாட்டின் தொடக்கச் சொல்லில் போய் முடிவதை மண்டலித்தல் என்பார்கள். நிரலிலும் அப்படி வட்டமாகக் கட்டிய தொடர்பட்டியல் உண்டு. அதில் எங்கே நிறுத்துவது என்பதைச் சுற்றுபவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழல் முடிவதே இல்லை. பாராயணம் செய்பவருக்கு அது பேறு. எங்களுக்கு, நள்ளிரவில் தொலைபேசி ஒலிப்பதற்கான காரணம்.

*

ஆக, தொகுப்பைச் சுற்றிவருபவர் அதன் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பொருள்நோக்கின் முதல் அறமே உள்ளே எட்டிப்பார்க்காமல் இருப்பது. எண்வழிச் சுழலோ சுவர் ஏறிக் குதித்து ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கிறது.

இதற்கு இருவேறு விடைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாயின. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கல்ஸ், அடீல் கோல்ட்பர்க் ஆகியோர் 1970களில் வளர்த்த ஸ்மால்டாக் மொழி, நடக்கும் வேலையைத் தொகுப்பிடமே விட்டுவிட்டது. செய்ய வேண்டியதை ஒரு சிறு துண்டாக எழுதித் தொகுப்பின் கையில் கொடுத்தால், அது தன் உறுப்புகளிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்காவும் அவருடைய குழுவினரும் அதே பத்தாண்டில் உருவாக்கிய சி.எல்.யூ. மொழி வேறொரு வழியைக் கண்டது. தொகுப்பு ஓர் உறுப்பை வெளியே நீட்டிவிட்டு அப்படியே உறைந்து நிற்கும்; நாம் அதனோடு நம் வேலையை முடித்ததும் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து அடுத்ததை நீட்டும். கதை சொல்லும் பாட்டி குழந்தை 'உம்' கொட்டுவதற்காக நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதைப் போல. லிஸ்காவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. இன்று பைத்தான் எழுதும் எந்த இளைஞரும் 'யீல்டு' என்று தட்டச்சும்போது அந்த மொழிக்குக் கடன்பட்டவராகிறார்.

எங்களுக்குப் பழக்கமான ஜாவா மூன்றாவதாக ஒருவரை நடுவே நிறுத்தியது. அவர் பெயர் இட்டரேட்டர். 1994இல் நால்வர் சேர்ந்து எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற நூல் தொகுத்துக் காட்டிய இருபத்துமூன்று வடிவமைப்புகளுள் இதுவும் ஒன்று. தொகுப்பிடம் 'எனக்கு ஒரு வழிகாட்டியைக் கொடு' என்று கேட்டால் அது ஒருவரைத் தரும். அவரிடம் இரண்டே கேள்விகள்: இன்னும் இருக்கிறதா? அடுத்தது எது? பெரிய கோயிலில் யாத்திரிகரைக் கூட்டிப்போகும் வழிகாட்டியைப் போல, எந்தப் பிரகாரத்தில் எத்தனையாவது தூணில் நிற்கிறோம் என்பது அவர் மனதில் இருக்கும். நாம் பார்த்தால் போதும். 1996இல் வெளிவந்த முதல் ஜாவாவில் இவர் எனுமரேஷன் என்ற பெயரில் இருந்தார். 1998 டிசம்பரில் வந்த பதிப்பில் இட்டரேட்டர் ஆனார். போகிற வழியில் வேண்டாததை நீக்கும் உரிமையும் கிடைத்தது. 2004இல் ஜாவா 5 அவரைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டது. அதன்பின் தொகுப்பின் பெயரையும் உறுப்புக்கு நாம் இடும் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியால் பிரித்து எழுதினால் போதும் என்றாயிற்று. அந்தப் புள்ளியை 'இதிலுள்ள ஒவ்வொரு' என்று மனதுக்குள் படித்துக்கொள்வோம். நிரலில் முதன்முதலாக எண் மறைந்து 'ஒவ்வொரு' என்ற சொல் மட்டும் எஞ்சிய தருணம் அது. அன்றைக்கு எங்களுள் சிலர் அடைந்த மகிழ்ச்சியை இன்று விளக்கிச் சொல்வது கடினம்.

*

எந்த வழியில் சுற்றினாலும், சுழல் ஒன்று நமக்கு மூன்று வாக்குறுதிகளைத் தருவதாக நாங்கள் எண்ணுகிறோம். ஒன்றும் விடுபடாது. எதுவும் இருமுறை வராது. வருகிற ஒவ்வொன்றும் முழுமையாக வரும். இரண்டாவது வாக்குறுதி மீறப்பட்டால் பெரும்பாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் இருமுறை சம்பளம் வந்தால் கணக்கர் கவனிப்பார். முதலாவதும் மூன்றாவதும் மீறப்படும்போதுதான் துயரம். விடுபட்டது இல்லாததைப் போலவும், பாதியானது முழுமையைப் போலவும் தோற்றமளிக்கும். இரண்டுக்கும் நாங்கள் கண்ட ஒவ்வோர் உதாரணத்தைச் சொல்கிறோம்.

2006 வாக்கில் எங்களுள் இருவர் ஓய்வூதியம் வழங்கும் ஓர் அமைப்புக்கு வேறொரு பணிக்காகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை ஓய்வூதியர்கள் நேரில் வந்து தாம் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அதற்கான கடிதங்களை ஒரு நிரல் அச்சிடும். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். ஒருநாள் முற்பகலில் நடுவயதுக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட கடிதத்தோடு வந்தார். கடிதம் அவருடைய தந்தைக்கு. தந்தை இறந்து எட்டு மாதமாகியிருந்தது. இறப்புச் சான்றிதழை உரிய நேரத்தில் கொடுத்து, ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, "சார், அப்பாவை நேர்ல வரச் சொல்லியிருக்கீங்க. எங்கேயிருந்து கூட்டிட்டு வரட்டும்?" என்று மட்டும் கேட்டார். எதிரில் இருந்த எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார்.

இறந்தவர் என்று குறிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர்க்குக் கடிதம் போகவில்லை. சிலர்க்கு மட்டும் போயிருந்தது. ஏன் அந்தச் சிலர்? எங்கள் நண்பர்கள் கேட்டு வாங்கிப் பார்த்ததில் விடை ஒரு சுழலில் இருந்தது. நிரல் முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, எண்வழியாக நடந்து, இறந்தவர் என்ற குறியுள்ள பெயர்களை நடந்துகொண்டே நீக்கிக்கொண்டு போயிற்று. பட்டியலில் ஏழாம் இடத்தில் இருப்பவரை நீக்கினால் எட்டாம் இடத்தில் இருந்தவர் நகர்ந்து ஏழாம் இடத்துக்கு வந்துவிடுவார். சுழலோ கடமை தவறாமல் எட்டாம் இடத்துக்குப் போய்விடும். நகர்ந்து வந்தவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் உயிருடன் இருப்பவராக இருந்தால் பாதகமில்லை. அவரும் இறந்தவராக இருந்தால் பட்டியலில் தங்கிவிடுவார். மூவர் அடுத்தடுத்து இறந்திருந்தால் நடுவில் இருப்பவருக்குக் கடிதம் போகும்.

பட்டியல் ஓய்வுபெற்ற நாளின்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது இதைவிட வருத்தம் தருவது. ஒரே காலத்தில் ஓய்வுபெற்றவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒரே காலத்தில் மூப்படைகிறவர்கள். பட்டியலின் பழைய பகுதியில் மரணங்கள் அடுத்தடுத்து இருப்பது இயல்பு. நிரலைச் சோதித்துப் பார்த்தவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறந்தவர்களை வைத்துச் சோதித்திருப்பார்; அப்போது எல்லாம் சரியாகவே நடந்திருக்கும்.

இட்டரேட்டரை வைத்துச் சுற்றும்போது இப்படி நடந்தால் ஜாவா பெரும்பாலும் கூக்குரலிடும். தொகுப்பு தன்னில் எத்தனைமுறை மாற்றம் நடந்தது என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. வழிகாட்டி புறப்படும்போது அதைக் குறித்துக்கொள்கிறார். அவர் அறியாமல் அது மாறியிருந்தால் 'கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன்' என்ற நீண்ட பெயருடைய பிழையை எழுப்பி நின்றுவிடுகிறார். வழக்கமான பட்டியலில் இந்தக் காவலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. கடைசிக்கு முந்தைய உறுப்பில் நிற்கும்போது ஓர் உறுப்பை நீக்கினால், அவர் இதுவரை கடந்துவந்த தொலைவும் பட்டியலின் புதிய நீளமும் ஒன்றாகிவிடும். இன்னும் இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடுவார். கடைசி உறுப்பு பார்க்கப்படாமலே போகும், கூக்குரலும் எழாது. இது உறுதியான காவல் இல்லை, இயன்றவரை செய்யப்படும் முயற்சியே என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

திருத்தம் சிறியது. நீக்கும் வேலையை வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். அவர் தம் இடத்தைச் சரிசெய்துகொள்வார். 2014இல் வந்த ஜாவா 8, இன்ன தன்மை உடையவற்றை நீக்கிவிடு என்று தொகுப்பிடமே சொல்லிவிடும் வசதியைத் தந்தது. சுழலை எழுதவே வேண்டியதில்லை. ஸ்மால்டாக் காட்டிய வழிக்கு ஜாவா வந்து சேர அத்தனை ஆண்டுகள் ஆயின. அந்த அமைப்பில் நிரலைத் திருத்திக் கொடுத்தார்கள். வந்தவரிடம் எழுத்தர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை எங்கள் நண்பர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

*

அடுத்தது பாதியாக்கப்பட்ட ஒன்றைப் பற்றி.

நிரல்மொழிகளுக்குச் சொல்லும் ஒரு தொகுப்பே. எழுத்துகளைக் கோத்த சரம் என்று அதைச் சொல்வார்கள். சரத்தின்மீது சுழலை ஓட்டினால் ஒவ்வோர் எழுத்தாக வரும். அப்படித்தான் பாடநூல்கள் சொல்கின்றன. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் மூன்று என்று சொல்லும். ஜாவாவைக் கேட்டால் ஐந்து என்கிறது. த ஒன்று, ம ஒன்று, இகரத்துக்குரிய கொக்கி ஒன்று, ழ ஒன்று, அதன் தலையில் இருக்கும் புள்ளி ஒன்று. இச்சொல்லைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதச் சொன்னால் புள்ளி தலையற்ற முண்டமாக முன்னால் வந்து நிற்கும். மகரத்தின் கொக்கி இடம் மாறி ழகரத்தின்மேல் ஏறிக்கொள்ளும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழுக்கு நூற்று இருபத்தெட்டு இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியது. இந்திய மொழிகளுக்கென முன்பே இங்கு உருவாகியிருந்த குறியேற்றத்தின் அமைப்பையே அது பின்பற்றியது. அதில் அகரம் ஏறிய உயிர்மெய்யே அடிப்படை. மற்ற உயிர்களைக் குறியாகவும், அகரத்தை நீக்கப் புள்ளியைக் குறியாகவும் பின்னால் சேர்க்க வேண்டும். இதில் எங்களுக்கு நீங்காத வியப்பு ஒன்று உண்டு. நம் இலக்கணத்தில் 'க்' என்பது தனி எழுத்து. 'க' என்பது அதனோடு அகரம் கூடிப் பிறந்தது. கணினிக்குள் 'க' என்பது ஒன்று. 'க்' என்பது அதனோடு புள்ளி கூடிய இரண்டு. மெய்யும் உயிர்மெய்யும் அங்கே தலைகீழாக நிற்கின்றன. 'கோ' என்ற எழுத்தோ இரண்டு துண்டாகவும் இருக்கலாம்; ஏகாரக் குறியும் துணைக்காலும் தனித்தனியே எழுதப்பட்டு மூன்று துண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவை ஒன்றா என்று நிரலைக் கேட்டால், முன்கூட்டியே இயல்பாக்கிக் கொள்ளாவிட்டால், இல்லை என்று சொல்லும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுக்க வேண்டும் என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. அப்படி அமைந்த டேஸ்-16 என்ற குறியேற்றத்தை 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் இணையமும் கைபேசியும் ஒருங்குறியிலேயே நிலைத்துவிட்டன.

இது அறிஞர்களின் பட்டிமன்றம் என்று விட்டுவிட முடியவில்லை. எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருவரின் தந்தை பெயர் 'தே' என்ற எழுத்தில் தொடங்கும். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே பலருக்குக் குடும்பப்பெயரின் இடத்தில் இருப்பது. அவர் படித்த இடத்தில் சான்றிதழ்களை அச்சிட்ட நிரல், தந்தையின் முழுப்பெயரை எடுத்துக்கொண்டு அதன் முதல் உறுப்பை மட்டும் வெட்டித் தலைப்பெழுத்தாக்கியது. ஆங்கிலப் பெயர்களுக்கு அது சரியான விடையைத் தரும். இவருக்குத் 'தே' என்பது 'த' ஆயிற்று. அச்சுத்தாளில் பார்க்கிற எவருக்கும் அது பிழை என்று தோன்றாது. 'த' என்பதும் ஒரு நல்ல தலைப்பெழுத்துதானே. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குடும்ப அட்டையில் ஒன்றும் சான்றிதழில் வேறொன்றும் இருக்க, இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு அலைந்தார். அந்த நிரலின் கைக்கு வந்த சீதா, சுந்தரம், சேகர், சோமு எல்லாருடைய மக்களும் 'ச' என்ற ஒரே எழுத்தின் கீழ் வந்து சேர்ந்திருப்பார்கள். உயிர்க்குறி போய்விட்டது. உயிர் என்ற பெயரை நம் முன்னோர் எவ்வளவு பொருத்தமாக வைத்தார்கள் என்று அப்போது தோன்றியது.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. படிப்பவர் ஓர் எழுத்தாக உணர்வது எதுவோ அதுவரை ஒரே அடியாகத் தாண்டும் வழிகாட்டி ஒருவர் ஜாவாவிலேயே 1997 முதல் இருக்கிறார். பிரேக் இட்டரேட்டர் என்று பெயர். அவரைக் கேட்டால் 'தமிழ்' மூன்றெழுத்து என்று சொல்வார். 2014இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் தனியாகக் கேட்கவே வேண்டாம். சரத்தின் உறுப்பு என்றாலே படிப்பவர் காணும் எழுத்துதான். ஆயினும் அவர்களுக்கும் எல்லை உண்டு. 'க்ஷ' என்பதை நம் கண் ஒரே வடிவமாகக் காண்கிறது; வழிகாட்டி அதை 'க்' என்றும் 'ஷ' என்றும் இரண்டாகத் தாண்டுகிறார். எது சரி என்று கேட்டால் எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி.

*

ஒன்று எது என்ற இந்தக் கேள்வியைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே யாப்பிலக்கணம் கேட்டு விடையும் சொல்லியிருக்கிறது. கட்டளைக் கலித்துறையில் அடிதோறும் எழுத்தெண்ணிப் பாட வேண்டும். நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறெழுத்து. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. எண்ணும்போது ஒற்றுகளைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் மொழியில் சொன்னால், எழுத்துச் சரத்தின்மீது சுழலை ஓட்டி, புள்ளி பெற்றவற்றை வடிகட்டிவிட்டு, எஞ்சியதை எண்ணுவது. அபிராமி அந்தாதி முழுவதும் இந்த யாப்பில் அமைந்தது. பொருளும் ஓசையும் பக்தியும் ஒருபுறம் இருக்க, நூறு பாட்டுக்கு நானூறு அடிகளில் இந்த எண்ணிக்கையையும் பட்டர் காத்துக்கொண்டிருந்தார்.

எங்களுள் ஒருவர் ஒரு விடுமுறை நாளில் இதற்கென நிரல் எழுதினார். எழுத்தைப் பாதியாக்காத வழிகாட்டியையே வைத்துக்கொண்டார். ஒற்றையும் ஒழுங்காகத் தள்ளினார். ஆனாலும் சில அடிகளில் எண்ணிக்கை கூடுதலாக வந்தது. காரணம் நிரலில் இல்லை. அவர் கையில் இருந்தது சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பு. 'என்றவள்' என்பதை 'என்று அவள்' என்று பிரித்தால் மூன்று எழுத்து நான்காகிவிடும். எளிதாகப் படிப்பதற்காகச் செய்யப்பட்ட உதவி, எண்ணுவதற்கு இடையூறு. பாடியபடி சேர்த்துக்கொண்டு எண்ண வேண்டும் என்பது யாப்புத் தெரிந்த எந்தப் பெரியவரும் கேட்டவுடனே சொல்லியிருக்கக்கூடியது.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எழுதிய நிரலைப் படிக்கும்போது, சுழல் ஒன்று வந்தால் நிறுத்தி, அதில் 'ஒன்று' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்போம். ஒரு வரியா, ஒரு கணக்கா, ஒரு மனிதரா, ஓர் எழுத்தா? அதை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பது நகர்ந்துவிடுமா? முதலில் சற்று விழிப்பார்கள். இப்போது அவர்கள் சுழலையே அதிகம் எழுதுவதில்லை. தொகுப்பிடம் சொல்லிவிட்டால் அதுவே வடிகட்டி, மாற்றி, கூட்டிக் கொடுத்துவிடுகிறது. நடப்பவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. எனவே இந்தக் கேள்வியைக் கேட்பதற்கான இடமும் நிரலில் குறைந்துகொண்டே வருகிறது. நாங்கள் கேட்பதை நிறுத்தவில்லை. அடுத்தடுத்து இறந்த இருவரும், 'தே' என்று தொடங்கும் ஒரு பெயரும் ஏதோ ஒரு பட்டியலில் தங்கள் முறைக்காக எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.